ஞாயிற்றுக்கிழமை இல்லாத கப்பல்

போன மாதம் ஓசூரில் ஒரு நூலக மாடியில் நடந்த எழுத்துக் கூட்டத்தில் என்னை "ஓய்வு பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்" என்று அறிமுகப்படுத்தினார்கள். பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். எழுத்தாளர் எங்கேயாவது ஓய்வு பெறுவாரா என்று நினைத்திருப்பார்கள். நான் பெற்றிருக்கிறேன். வயரிங் கம்பெனியில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிய அதே வாரத்தில்தான் என் கடைசி நாவலின் கடைசிப் பக்கத்தையும் முடித்தேன். இனி எழுநூறு பக்கத்தில் எதையும் தொடங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். முதுகு வலிக்கிறது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் இளசுகள். பகலில் கம்பெனி, மாலையில் கதை. இப்போது செல்போன் செயலிகளில்தான் கதை போகிறதாம், அதுவும் டீ ஆறுவதற்குள் படித்து முடிக்கிற அளவில் இருக்க வேண்டுமாம். "தத்துவத்தையெல்லாம் வைத்துக்கொண்டு இவ்வளவு நீளமாக எப்படி எழுதினீர்கள், யார் படித்தார்கள்?" என்று ஒரு பெண் கேட்டாள். கேள்வியில் கொஞ்சம் கேலியும் இருந்தது, எனக்கு அது பிடித்தது. அங்கே பதில் சொல்ல நேரம் போதவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் விருதுநகர்ப் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்தேன். கணவர் முருகேசன் இரும்பு வார்க்கிற கம்பெனியில் இருந்தார். நான் வண்டிகளுக்கு வயரிங் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பிடிக்கும், கதை பிடிக்கும். இரண்டையும் சேர்த்துக் கிறுக்கிக்கொண்டிருந்தேன். ஆரம்ப வருடங்களில் எழுதியதையெல்லாம் இப்போது படித்தால் எனக்கே தூக்கம் வருகிறது. அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

நீளமாக எழுதக் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை, கம்பெனி போர்டில்தான். வயரிங் கட்டுகிற போர்டு ஒரு கதவு அகலம் இருக்கும், சாய்வாக நிறுத்தியிருப்பார்கள். வயர் போகிற பாதை முழு அளவில் வரைந்து ஒட்டியிருக்கும், திருப்பங்களில் எல்லாம் ஆணிகள். சிவப்பு வயர் இங்கே புறப்பட்டால் அந்தக் கோடியில் ஒரு கனெக்டரில் போய் உட்கார வேண்டும். நடுவில் நாலு வயரோடு சேர்ந்து டேப்புக்குள் மறைந்து போகலாம். மறைந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். எல்லாம் கட்டி முடித்ததும் டெஸ்ட் பலகையில் மாட்டுவோம். ஒவ்வொரு வயருக்கும் ஒரு பல்பு. ஒன்று எரியாவிட்டாலும் டேப்பைப் பிரிக்க வேண்டியதுதான். நாவலையும் நான் அப்படியே கட்டினேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிறம். ஆறாம் அத்தியாயத்தில் டேப்புக்குள் போன பச்சைக் கேள்வி நாற்பதாம் அத்தியாயத்தில் வெளியே வந்து ஒரு மனுஷியின் மேல் போய் மாட்ட வேண்டும். மாட்டவில்லை என்றால் அது தத்துவம் இல்லை, வெறும் பேச்சு.

என் நாவல்களைப் போட்டது கிருஷ்ணகிரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறிய மாத இதழ். ஆசிரியர் நாகராஜ் சார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருக்குச் சொந்தமாக ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் மாங்கூழ் டின்னுக்கான லேபிளும்தான் அங்கே பிழைப்பு, இதழ் அவருடைய ஆசை. எழுதியதைத் தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டார். நேரில் கொண்டுபோக வேண்டும். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகில் பிடித்து, ஓடுகிற மெஷின் சத்தத்துக்கு மேலே உரக்கப் படிப்பார். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அலுப்புத் தட்டினால் எழுந்து மெஷினில் மை எப்படி வருகிறது என்று பார்க்கப் போய்விடுவார். அவர் எழுந்த இடத்தில் அந்தப் பக்கம் செத்தது என்று அர்த்தம்.

முதல் நாவலைப் படித்தபோது அவர் உட்கார்ந்ததை விட மை பார்த்ததுதான் அதிகம். கடைசியில் திரும்பி வந்து, "ஏம்மா, தத்துவம் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. இதுல யாருக்கு நட்டம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நேரம்னா என்னான்னு பத்துப் பக்கம் பேசிக்கினு இருக்கறாங்களே ரெண்டு பேரு. நேரம் இப்பிடி இல்லாம அப்பிடி இருந்திச்சின்னா அவங்கள்ல யாருக்கு நட்டம்? யாருக்குமே நட்டமில்லன்னா நான் எதுக்கு அச்சடிக்கணும்?"

அன்றைக்கு பஸ்ஸில் ஓசூர் வந்து சேரும் வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த யோசனை தோன்றினாலும், அதனால் யாருக்கு என்ன போகும் என்று பார்க்காமல் பேனாவை எடுத்ததில்லை.

இப்போது அந்தக் கப்பல் கதைக்கு வருகிறேன். என் நாவல்களிலேயே பெரியது, என்னைப் பாடாய்ப் படுத்தியதும் அதுதான்.

ஓசூரில் சிப்காட் பக்கம் பையன்கள் தங்குகிற அறைகளைப் பார்த்தால் தெரியும். ஒரு கட்டிலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒருவன் வேலைக்குப் போனதும் இன்னொருவன் வந்து படுப்பான். தலையணையில் எண்ணெய்க் கறை யாருடையது என்று தெரியாது. சில பேர் மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதிலிருந்துதான் கதை கிடைத்தது. தொலைதூர நட்சத்திரம் ஒன்றுக்குப் போகிற கப்பல். எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கக் காற்று போதாது. அதனால் மக்களை மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு கூட்டம் விழித்திருக்கும்போது மற்ற இரண்டும் உறக்க அறையில் இருக்கும். ஒரு கூட்டம் படுத்த பிறகுதான் அடுத்த கூட்டம் எழும். அதே நாற்காலி, அதே தட்டு, அதே தறி, மூன்று பேருக்கு. யாரும் யாரையும் பார்த்ததில்லை. நான் உட்கார்கிற நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர் எனக்கு யார்? அவருக்கு நான் ஏதாவது கடமைப்பட்டிருக்கிறேனா? இதுதான் நாவலின் கேள்வி.

காற்று இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் கப்பலில் மூன்றே பேர். கூட்டத்துக்கு ஒருவர் என்று போட்டுவிடுகிறார்கள். அதில் எழினியும் மாறனும் கணவன் மனைவி. அவள் முதல் கூட்டம், அவன் இரண்டாம் கூட்டம். பாவம், பிரிந்து கிடக்கிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் எழினிக்குக் குழந்தை பிறக்கிறது. அந்த அத்தியாயத்தை எழுதும்போது நான் அழுதேன். நாகராஜ் சார் மை பார்க்கப் போகாமல் படித்து முடித்தார். அச்சாகிவிட்டது.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. இதழ் வந்த வாரம், மதிய ஷிஃப்டுக்குப் போகிற பஸ்ஸில் என் அத்தியாயத்தைச் செல்வி சத்தமாகப் படிப்பாள். திருநெல்வேலிக்காரி. அவள் குரலுக்கு பஸ் ஹாரனே அடங்கிப் போகும். நான் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். கர்நாடகா எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ரத்னம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கேட்டுக்கொண்டே வருவாள். அன்றைக்குக் குழந்தை பிறந்த இடம் முடிந்ததும் பஸ்ஸே உச்சுக் கொட்டியது. நான் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

ரத்னம்மா மட்டும் யோசனையாக இருந்தாள். "அக்கா, அந்தக் கப்பல்ல பானுவாரமே கெடையாது அல்வா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு பானுவாரம், 'இல்லையா' என்று கேட்பது 'அல்வா'; பாதி கன்னடம்.

"ஆமா, கிடையாது. முதல் அத்தியாயத்துலயே சொல்லியிருக்கேன்" என்றேன் பெருமையாக. "கப்பல்ல லீவே இல்ல."

"ஒரு கும்பல் படுத்தாத்தான் இன்னொரு கும்பல் எழுந்துக்கும் அல்வா?"

"ஆமா."

"மத்தெ... அப்ப கொழந்த எப்பிடிக்கா வந்துச்சு?"

வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். செல்வி இதழை முகத்தில் மூடிக்கொண்டு, "எக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய" என்று குலுங்கினாள். கம்பெனி கேட் வரும் வரை அது ஓயவில்லை.

வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எத்தனையோ வருடமாக நானும் கணவரும் எதிரெதிர் ஷிஃப்டில் வாழ்ந்தவர்கள். வாரம் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து பேச நேரமில்லாவிட்டாலும் ஞாயிறு என்று ஒன்று வந்துவிடும், அன்றைக்குக் கறி எடுத்து, துணி துவைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி, எல்லாம் நடந்துவிடும். ஷிஃப்ட் என்றால் அதன் வாலில் ஒரு ஞாயிறு இருக்கும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது. அதனால் கப்பலில் ஞாயிற்றுக்கிழமையை நானே ஒழித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே குழந்தையையும் உண்டாக்கிவிட்டேன்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தூரிலிருந்து ஒரு வாசகர் நாகராஜ் சாருக்கு போன் செய்து, குழந்தைக்கு அப்பா யார் என்று அடுத்த இதழில் சொல்வீர்களா என்று கேட்டிருக்கிறார். பிறகு இன்னும் சில பேர். சார் என்னை வரச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "உன் தொடருக்கு மாசாமாசம் இருவது பக்கம் விட்டுக்கினு இருக்கேன். மத்தவங்க எல்லாம் என்னத் திட்டிக்கினு இருக்காங்க. இப்ப ஊரே சிரிக்குது. அடுத்த மாசம் எல்லாம் கனவுன்னு சொல்லி முடிச்சிடும்மா" என்றார்.

நாலு வருடம் அந்தக் கப்பலில் வாழ்ந்திருக்கிறேன். பாதிக் கதைகூட வெளிவரவில்லை. அந்த நீளத்துக்கு வேறு யாரும் இடம் தர மாட்டார்கள், சென்னையில் இரண்டு பதிப்பகங்களில் பாதியாகக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே நின்றுபோனால் அந்த நாவல் என்னோடு போக வேண்டியதுதான். "கனவுன்னு மட்டும் எழுத மாட்டேன் சார். ஒரு அத்தியாயம் கொடுங்க. அதுல நீங்க மை பாக்க எழுந்தீங்கன்னா நானே நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீராப்பாகச் சொன்னேனே தவிர கையில் ஒன்றும் இல்லை. குழந்தை மாறனுடையது இல்லை என்று எழுத எழினி சம்மதிக்க மாட்டாள். கப்பலில் ரகசியமாக ஒரு ஞாயிறு வைக்கலாம் என்றால் அது ஏமாற்று வேலை. நாலைந்து நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடி வைத்தேன்.

அந்த வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட், கணவருக்குக் காலை ஷிஃப்ட். அவருடைய பஸ் வந்து நிற்கிற அதே நிறுத்தத்தில்தான் நான் ஏற வேண்டும். அவர் இறங்குவார், நான் சாவியைக் கொடுப்பேன். ஒரு பத்து நிமிடம் கிடைக்கும். அன்றைக்கும் அப்படித்தான்.

"இந்தாங்க சாவி. குழம்பு அடுப்பு மேல இருக்கு. கேஸ் தீரப் போகுது, தீயைக் கம்மியா வைங்க. தண்ணி மோட்டார் ஒரு மாதிரி சத்தம் போடுது" என்றேன்.

"சரி புள்ள. நேத்து கரண்ட் பில்லுக்காரன் வந்தானே, பாத்தியா?"

"பாத்தேன். பின்பக்கத் தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது. ரெண்டு தட்டுத் தட்டுங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. கம்பெனியில் தினமும் நடப்பது இதுதானே. போர்டுக்காரர்கள் மணி அடித்ததும் போய்விடலாம், ஆனால் வயர் வெட்டுகிற மெஷினை விட்டுப் போகிறவள் வருகிறவளிடம் அதன் நிலைமையைச் சொல்லி ஒப்படைக்காமல் நகரக் கூடாது. "ஏங்க, நாம வீட்டையே ஷிஃப்ட் ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைச்சிட்டிருக்கோம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பின்ன? ஓடிக்கிட்டு இருக்கற மெஷினை யாராச்சும் அப்படியே விட்டுட்டுப் போவாங்களா?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

நடுரோட்டில் எனக்கு ஆட வேண்டும் போல இருந்தது. காற்று இயந்திரம் ஒரு நொடியும் நிற்காது என்று நானே எழுதியிருந்தேன். நிற்காத இயந்திரத்தை எழினி எப்படி அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போவாள்? மாறன் வந்து கை வைக்கும் வரை அவள் இருந்துதான் ஆக வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவர்களால் இந்த ஓர் இடத்தை மட்டும் அடைக்க முடியவில்லை. ஆனால் பத்து நிமிடம் போதாதே என்று ரத்னம்மா கேட்பாள், எனக்குத் தெரியும். அதற்கும் கம்பெனியிலேயே விடை இருந்தது. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் மெஷின் படுத்துவிட்டால், சரியாகும் வரை போகிறவரும் வந்தவரும் இரண்டு பேருமே நிற்க வேண்டும். கப்பலின் இயந்திரமும், குழந்தை பிறப்பதற்குப் பல மாதம் முன்னால், ஒரு நாள் அப்படிப் படுத்தது. அது தானாகப் படுத்ததா, இவர்கள் படுக்க வைத்தார்களா?

படுக்க வைத்தார்கள் என்று எழுதினேன். அந்த ஒரு பொழுதுக்கு இருவரும் விழித்திருக்கக் காற்று வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? உறங்குகிற மூன்றாம் கூட்டத்தின் பங்கிலிருந்துதான். மறுநாள் மூன்றாம் கூட்டம் எழுந்தபோது ஒரு வயதான நெசவாளர் மட்டும் எழவில்லை. எழினிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. சாப்பாட்டுக் கூடத்தில் அவருடைய நாற்காலியில்தான் அவள் தினமும் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில், குழந்தை பிறந்த பிறகு, மூன்றாம் கூட்டத்தின் காற்று இயந்திரக்காரர், ஒப்படைக்கும் நேரத்தில், நடந்தது தெரிந்து மாறன் முன்னால் வந்து நிற்கிறார். புகார் செய்யவில்லை. "எங்க ஆள் இருந்த இடத்துல, குழந்தை எங்க பொழுதிலயும் விழிச்சிருக்கட்டும்" என்று மட்டும் கேட்கிறார். அந்த வார்த்தையோடு அத்தியாயம் முடியும்.

அச்சகத்தில் நாகராஜ் சார் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். நான் ஸ்டூலில் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் மெஷின்காரர், "சார், மை வெளுத்துப் போச்சு!" என்று கத்தினார். சார் எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். சார் தலையை நிமிர்த்தவில்லை. மெஷின்காரர் இன்னொரு முறை கத்தினார். சார் கையை மட்டும் ஆட்டி அடக்கினார். படித்து முடித்துத் தாளை மடியில் வைத்தார். "அந்த நெசவாளி" என்றார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "நட்டம் இருக்குதும்மா" என்றார். அன்றைக்கு அச்சான மாங்கூழ் லேபிள்களில் மாம்பழம் எல்லாம் எலுமிச்சம்பழ நிறத்தில் வந்து, மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஓசூர் வரைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் என் பரீட்சை கம்பெனி பஸ்ஸில்தான் இருந்தது. இதழ் வந்த அன்று செல்வி படிக்கத் தொடங்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேனே தவிர ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. இயந்திரம் படுத்துப்போகிற இடம் வந்ததும் சிரிப்பு கிளம்பியது. "பிரேக்டவுன் கொழந்த!" என்று ரத்னம்மா கை தட்டினாள். அப்புறம் நெசவாளர் எழாத இடம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருக்கும்போது பஸ் கம்பெனி கேட்டுக்குள் வந்து நின்றது.

யாரும் இறங்கவில்லை. காலை ஷிஃப்ட் முடித்தவர்கள் அதே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வெளியே வெயிலில் நின்றுகொண்டு, "என்னம்மா, எறங்கறீங்களா இல்லியா?" என்று சத்தம் போட்டார்கள். "ரெண்டே பக்கந்தான், ஏறுங்க, ஏறுங்க" என்று உள்ளே இருந்தவர்கள் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். படியிலும் நடுவிலும் நெருக்கியடித்து நின்றார்கள். ஒன்றும் புரியாதவர்களுக்கு ரத்னம்மா கன்னடமும் தமிழும் கலந்து முன்கதையை அவசரமாகச் சொன்னாள். வேலைக்கு வந்தவர்களும் முடித்தவர்களும் ஒரே பஸ்ஸில் வியர்க்க வியர்க்க நிற்க, செல்வி மிச்சத்தைப் படித்தாள். சூப்பர்வைசர் சத்தம் போட வந்தவர் படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார்.

படித்து முடித்ததும் எல்லோரும் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்னம்மாவின் சீட்டுக்கு அருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை ஷிஃப்ட் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். ரத்னம்மா அவளிடம், "நீ எந்த போர்டும்மா?" என்று கேட்டாள்.

"பதினாலு."

"அய்யோ, நானும் பதினாலுதான்! டேப்பை எனக்குக் கைக்கு எட்டற மாதிரி எடது பக்கம் வச்சிட்டுப் போறது நீயா?"

"ஆமாக்கா. நீங்க எடதுகைன்னு டேப் பிரிஞ்சிருக்கறத வச்சே தெரிஞ்சிகிட்டேன்."

ரத்னம்மா எழுந்து நின்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி அவர்கள் இருவரையும் பார்த்தேன். அன்றைக்கு லைன் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கியது.